இடுப்பளவு சொல்லும் எச்சரிக்கை

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நாம் அனைவரும் அறிந்த முதுமொழி. ஆனால் நோய் எப்போது தொடங்குகிறது என்பதை நம்மில் பலர் அறிவதில்லை.

மருத்துவப் பரிசோதனை முகாம்களில் தொண்டாற்றும்போது நான் அடிக்கடி கேட்கும் சொல் "கொஞ்சம்தான்". இரத்தக் கொதிப்பு கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, சீனி கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, தொப்பையும் கொஞ்சம்தான் என்பார்கள். மாத்திரை தேவையில்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்புவார்கள். இந்தக் 'கொஞ்சங்கள்' ஓர் உடலில் ஒன்று சேர்வதுதான் ஆபத்து. இதையே மருத்துவர்கள் மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது வளர்சிதை மாற்ற நோய்த்தொகுதி என்கிறார்கள்.

ஐந்து அடையாளங்கள்

அனைத்துலக மருத்துவ அமைப்புகள் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட பொது வரையறைப்படி, கீழ்க்காணும் ஐந்தில் மூன்று இருந்தால் இந்நோய்த்தொகுதி உள்ளதாகக் கொள்ளப்படும்.

1. இடுப்புச் சுற்றளவு: ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல்.
2. இரத்த அழுத்தம்: மேல் அளவு 130 அல்லது கீழ் அளவு 85, அல்லது அதற்கு மேல்.
3. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை: 5.6 மில்லிமோல் அல்லது அதற்கு மேல்.
4. டிரைகிளிசரைடு கொழுப்பு: 1.7 மில்லிமோல் அல்லது அதற்கு மேல்.
5. எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு: ஆண்களுக்கு 1.0, பெண்களுக்கு 1.3 மில்லிமோலுக்குக் கீழ்.

இத்தொகுதி உள்ளவருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஐந்து மடங்கு. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு இரு மடங்கு.

நம்மிடையே எவ்வளவு?

2008ஆம் ஆண்டு மலேசியப் பெரியவர்களிடம் திரட்டிய விவரங்களை இந்த வரையறைப்படி ஆராய்ந்தபோது, 42.5 விழுக்காட்டினருக்கு இத்தொகுதி இருந்தது. இந்தியரிடையே அது மற்ற இனத்தவரைவிட அதிகம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரிடையே 31.4 விழுக்காடு.

"நான் ஒல்லிதானே?" என்று கேட்கலாம். 2004ஆம் ஆண்டில் வெளியான குறிப்பு ஒன்றின்படி, பூனா மருத்துவர் யாஜ்னிக், இங்கிலாந்து மருத்துவர் யுட்கின் இருவரின் உடலும் அளக்கப்பட்டது. உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! எடைத் தராசு காட்டாததை அளவுநாடா காட்டிவிடும்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு கல்லீரலையும் தசைகளையும் இன்சுலினுக்குப் பணியாதபடி செய்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரந்து, இறுதியில் களைத்துப்போகிறது.

நகர வாழ்க்கையின் பங்கு

நம் முன்னோர் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உடலால் உழைத்து, உண்டதைக் கரைத்தார்கள். இன்று அடுக்குமாடியில் மின்தூக்கி, வாசலில் மோட்டார் சைக்கிள். காலைப் பசியாற ரொட்டி சானாயும் டின் பால் கலந்த தே தாரேக்கும். இரவு பத்து மணிக்கு நாசி கண்டார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலை செய்வோருக்கு உறக்கமும் உணவு நேரமும் மாறிவிடுகின்றன. புகைப்பழக்கம், பரம்பரை, கர்ப்பகால நீரிழிவு ஆகியனவும் ஆபத்தைக் கூட்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள். கால்சட்டை அளவை நம்ப வேண்டாம். பலர் இடைவாரைத் தொப்பைக்குக் கீழேதான் கட்டுகிறோம். நேராக நின்று, மூச்சை இயல்பாக விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றுங்கள்.

இரண்டாவது, ஐந்து அளவுகளையும் ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். 40 வயதை எட்டிய, அரசாங்க உதவித்தொகை பெறும் பி40 பிரிவினருக்கு 'பெக்கா பி40' திட்டத்தில் பரிசோதனை இலவசம்.

மூன்றாவது, நடங்கள். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தோருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் மட்டுமே ஆபத்தை 28.5 விழுக்காடு குறைத்தன. நமக்குத் தண்ணீர்மலைப் படிகள் உண்டு, தாவரவியல் பூங்கா உண்டு. தினம் அரைமணி நேரம் போதும். சோற்றைக் குறைத்து, காய்கறியையும் பருப்பையும் கூட்டுங்கள். தேநீரில் சீனியை விடுங்கள். மருந்து உண்போர் தாமாக நிறுத்தலாகாது.

குடும்பத் தலைவர் நாற்பதில் படுத்துவிட்டால் பிள்ளைகளின் படிப்பும் படுத்துவிடும். 'கொஞ்சம்தான்' என்னும்போதே விழித்துக்கொள்வோம். அப்போது திருத்துவதும் கொஞ்சம்தான்.