சஸ்பெண்ட் ஆனால் கல்லூரியில் இடம் கிடைக்காதா?

பிளஸ் டூ படிக்கும் என் மகன் வகுப்பில் நடந்த அடிதடியில் பத்து நாள் சஸ்பெண்ட் ஆகிவிட்டான். இனி பொறியியல் சீட் கிடைக்காது, தறியில் உட்காரட்டும் என்கிறார் அவன் அப்பா. உண்மையா?
- ஒரு தாய், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

இல்லை அம்மா, பயப்படாதீர்கள். பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசை மதிப்பெண்ணால் மட்டுமே வருவது. கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50, மொத்தம் 200. இந்தக் கணக்கில் சஸ்பென்ஷனுக்கு இடமே இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது டி.சி.யை. அதில் 'மாணவரின் நடத்தை' என்றொரு வரி உண்டு. பெரும்பாலும் 'நன்று' என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆசிரியர்களிடம் மாணவர்கள் அத்துமீறிய வீடியோக்கள் பரவிய 2022-இல், ஒழுங்கீனத்துக்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்படுவோரின் டி.சி.யில் காரணமும் எழுதப்படும் என்று பள்ளிக்கல்வி அமைச்சர் அன்பில் மகேஷ் சட்டமன்றத்தில் சொன்னார். அவர் சொன்னது நீக்கத்தைப் பற்றி. உங்கள் மகனுக்கு நடந்தது தற்காலிக இடைநீக்கம்தான்.

ஆனால் அந்தப் பத்து நாளில் விட்ட பாடம் மதிப்பெண்ணைக் கடித்துவிடும். இயற்பியல், வேதியியலில் செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. விட்ட சோதனைகளை அவன் ஆய்வகத்தில் செய்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியே ஆக வேண்டும். அடிபட்ட பையனிடம் நேரில் மன்னிப்பும் கேட்கட்டும். அது டி.சி.க்காக அல்ல, அவனுக்காக.

இந்த வாரமே அவன் அப்பாவையும் அழைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். டி.சி. எழுதும் மே மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.