அசைபடக் கோப்பினின்றும் ஒலியைக் குறைவுபடாது பிரித்தெடுத்தல்

ஒலி தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. அதனைப் பதிந்து வைக்கும் கருவிகள் உண்டான பின்னரே, மறைந்தோர் குரலைப் பின்னுள்ளோர் கேட்கும் பேறு வாய்த்தது. ஆயினும் கருவி மாறுந்தோறும் அக்குரல் மீண்டும் அழிவை எதிர்நோக்குகின்றது. அத்தகைய ஓரிடரையும், அதனை நீக்குமாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தில்லை நகரிலுள்ள ஓரன்பர் இல்லத்திலிருந்து நமக்கு ஒரு குறுந்தகடு வந்தது. அதன்கண் சிறுவர்க்குரிய எழுத்துப் பாடங்களும் பாட்டுகளும் அசைபடங்களாக அமைந்திருந்தன. அவற்றிற்குக் குரல் கொடுத்தவர் அவ்வில்லத்து மூதாட்டியார். அவர் இப்பொழுது இலர். கோப்புகளோ ஃபிளாஷ் வகையின. 1996-இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்னும் பெயரொடு தோன்றி, மாக்ரோமீடியா, அடோபி என்னும் நிறுவனங்களின் கைக்கு முறையே வந்தது அவ்வகை. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி அதனைப் பேணுதலை நிறுத்திற்று. 2021 ஜனவரி 12 முதல் அதன் இயக்கி படங்களைத் திறக்கவும் மறுத்தது.

நாம் முதலிற் பிழை செய்தோம். ரஃபிள் என்னும் மென்பொருளாற் படத்தை ஓடவிட்டு, ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியை வைத்துப் பதிந்து, ஃபிளாக் என்னும் இழப்பிலா வடிவிற் சேமித்தோம். கோப்புப் பெரிதாயிற்று, குரலோடு மின்விசிறியின் இரைச்சலும் இழப்பின்றிச் சேமிக்கப்பட்டது! இழப்பின்மை என்பது கொடுத்ததைக் குறையாது காத்தலேயன்றிக் குறைந்ததை நிறைத்தலன்று என்பதனை அன்று கற்றோம்.

இதற்கு நம்மூரிலேயே உவமையுண்டு. மலைக்கோட்டையின் மேற்குகையில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டுகள் உள. கல்வெட்டிற்கு மைப்படி எடுப்போர் தாளை எழுத்தின்மேலேயே ஒற்றியெடுப்பர். தாள் எத்துணை உயர்ந்ததாயினும் சிதைந்த எழுத்து அதில் மீளாது. ஒலிக்கும் அஃதே முறை.

முதலாவது, மூலக்கோப்பிற்குப் படியெடுத்து, அப்படியின்மேலேயே வேலை செய்தல் வேண்டும். கோப்பின் முதல் மூன்றெழுத்துகள் எஃப்.டபிள்யூ.எஸ். என்றிருப்பின் அது சுருக்கப்படாதது, சி.டபிள்யூ.எஸ்., இசட்.டபிள்யூ.எஸ். என்றிருப்பின் சுருக்கப்பட்டது. உள்ளே ஒலி இருவகையாற் கிடக்கும். சொடுக்கியவுடன் ஒலிப்பது ஒரே துண்டாயிருக்கும். படத்தோடு உடனோடுவது படச்சட்டந்தோறும் சிறுசிறு துண்டாய்ச் சிதறியிருக்கும். ஜேபெக்ஸ் என்னும் இலவச மென்பொருள் சுருக்கத்தை விரித்து, இருவகை ஒலியையும் பிரித்துத் தரும்.

இரண்டாவது, ஒலியின் வகையை அறிதல் வேண்டும். ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து பெறும் எண்களை மாதிரிகள் என்பர். அவை சுருக்கப்படாது பி.சி.எம். வகையாக இருப்பின் ஃபிளாக்கிற்கு மாற்றுதல் முற்றும் தகும். ஏ.டி.பி.சி.எம். ஆயின், 16 பிட்டுக்குரிய ஒவ்வொரு மாதிரியும் 2 முதல் 5 பிட்டுகளுள் முன்னரே ஒடுக்கப்பட்டது. அதனை விரித்து ஃபிளாக்கில் வைப்பின் எஞ்சியது மேலும் தேயாது. எம்.பி.3 ஆயின், உள்ளவாறே எடுத்து வைத்தல் நன்று. காது எளிதில் உணராதனவற்றை அது முன்னரே விலக்கிவிட்டது. ஃபிளாக்கிற்கு மாற்றினால் இடம் பெருகுமேயன்றி நயம் பெருகாது.

ஃபிளாக் இழப்பின்றிச் சுருக்குவது எங்ஙனம்? முன்வந்த மாதிரிகளைக்கொண்டு அடுத்ததனை ஊகித்து, ஊகத்திற்கும் உண்மைக்குமுள்ள வேற்றுமையை மட்டும் அது குறிக்கும். வேற்றுமை சிறிதாகலின் இடமும் சிறிதாம். இரண்டனையும் கூட்டின் மூலம் அப்படியே மீளும். நொடிக்கு 44,100 மாதிரியாக, 16 பிட்டு அளவில், ஈரொலித்தடத்தோடு பதிந்த ஒரு நிமிட ஒலிக்கு 1,05,84,000 பைட்டுகள் வேண்டும்; ஃபிளாக்கில் அது ஏறத்தாழப் பாதியளவாகவும் குறுகக்கூடும்.

அத்தகட்டில் எழுத்தொலிகள் ஏ.டி.பி.சி.எம். வகையாகவும், பாட்டுகள் எம்.பி.3 வகையாகவும் இருந்தன. முன்னவற்றை ஃபிளாக்காக மாற்றினோம். பின்னவற்றை அவ்வாறே வைத்தோம். எவ்வொலி எப்படத்திற்குரியது என ஒரு குறிப்பும் எழுதிச் சேர்த்தோம். பேரப்பிள்ளைகள் தம் பாட்டியார் ழகரம் ஒலித்தவாற்றை இரைச்சலின்றிக் கேட்டு மகிழ்ந்தனர்.

மாணவ நண்பர்காள்! நும் இல்லத்துப் பேழைகளிலும் இத்தகைய தகடுகள் கிடத்தல் கூடும். தகடும் நாளடைவிற் பழுதுபடுமாதலின் காலந்தாழ்த்தலாகாது. முதற்கண் மூலத்தைக் காமின். பின் ஒலியின் வகையை அறிமின். அதன் பின்னரே வடிவத்தைத் தேர்மின்.