கல் படுக்கையும் கற்பனை ஊற்றும்



பாட்டு எழுதுவோர், படம் வரைவோர், மாணவர்க்குப் பாடம் சொல்வோர், தறியில் புதுக்கரை காண்போர், வாசலில் நாளும் ஒரு புதுக்கோலம் இடுவோர் ஆகிய அனைவரும் ஏதேனும் ஒரு காலத்தில் வருந்திச் சொல்லும் சொல் ஒன்று உண்டு. “புதிதாக ஒன்றும் தோன்றவில்லை” என்பதே அது. கை பழகியதையே செய்கிறது. மனம் அதனுடன் செல்வதில்லை. இந்நிலை வந்தபோது நாம் புதிய கருவிகளை வாங்குகிறோம். தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நாடுகிறோம். ஊர் ஊராகச் சுற்றி வருகிறோம். களைப்பு மிகுகிறதேயன்றி ஊற்றுக் கண் திறப்பதில்லை. நம் முன்னோர் இதற்கு வேறொரு வழியைக் கண்டிருந்தனர். அவ்வழியைச் சற்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கல்லே படுக்கை

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உள்ளது. பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளைக் கடந்து அதனை அடைய வேண்டும். அங்கே வழவழப்பாகச் செதுக்கிய பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. தலைப்பக்கம் மட்டும் தலையணைபோல் சற்று உயர்ந்திருக்கும். மெத்தை இல்லை, கதவு இல்லை, பெட்டி வைக்கவும் இடமில்லை. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழ்ப் பிராமி எழுத்தும், பல நூற்றாண்டுகள் கழித்துப் பொறித்த துறவியர் பெயர்களும் அங்கே காணப்படுகின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலம் அருகன் நெறி நின்றோர் அக்குகையைப் போற்றி வந்தனர் என்பது இதனால் விளங்கும்.

அதே மலையின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் குடைவரை உள்ளது. அதன் விதானத்தில் கி.பி. 9-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இன்றும் ஒளிர்கிறது. தாமரைகள் நிறைந்த பொய்கை. அதில் மீன்கள், பறவைகள், எருமைகள், யானைகள். மலர் கொய்யும் ஆடவர். படுக்கக் கல்லன்றி வேறொன்றும் வேண்டாதவர் வாழ்ந்த மலையில்தான் இத்தனை வளமான பொய்கை பூத்திருக்கிறது! வறண்ட பாறையையும் எளிய வாழ்வையும் தழுவியவர் அழகை வெறுத்தவர் அல்லர். ஆசையோடு பற்றாமல் அன்போடு பார்க்கக் கற்றவர் அவர். பற்றும் கைக்கு ஒரு மலரே அகப்படும். பார்க்கும் கண்ணுக்கோ பொய்கை முழுவதும் உரியது.

துறந்தவர் துறவாத பொருள்

திகம்பர முனிவர் தம்முடன் கொண்டு செல்ல இசைவு பெற்ற பொருள்கள் மூன்றே. சிற்றுயிர்க்கு ஊறு நேராமல் ஒதுக்க மயிற்பீலி. தூய்மை பேண நீர்க்கமண்டலம். அறிவை வளர்க்கச் சாத்திர நூல். உடையையும் துறந்தவர் நூலைத் துறக்கவில்லை என்பதை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். அபரிக்கிரகம் என்பது வெறுமையை வழிபடுவது அன்று. எது வேண்டும், எது வேண்டா என்று தெளிவதே அபரிக்கிரகம். வேண்டாதவை நீங்கிய இடத்தில் வேண்டிய ஒன்று தழைத்து வளர்கிறது. நன்னூல் செய்த பவணந்தியாரும், யாப்பருங்கலக்காரிகை தந்த அமிதசாகரரும் துறவு நெறி நின்றோரே. தமிழ் மாணவர் தலைமுறை தலைமுறையாகக் கற்கும் இலக்கண நூல்கள், ஏதும் சேர்க்காதவரின் கைகளிலிருந்து நமக்குக் கிடைத்துள்ளன.

மழைக்காலத் தங்கல்

முனிவர் ஓரிடத்தில் நிலைத்துத் தங்குபவர் அல்லர். ஆயினும் மழைக்காலத்து நான்கு திங்கள் அவர் ஓரிடத்தே தங்குகிறார். புல்லும் பூச்சியும் எங்கும் தளிர்த்துப் பெருகும் அக்காலத்தில் நடந்தால் அவ்வுயிர்கள் மிதிபடும் என்ற அருளே இதற்குக் காரணம். இதனைச் சாதுர்மாசம் என்கிறோம். பிற உயிர் வாழ வேண்டும் என்று தம் கால்களை நிறுத்திக்கொண்டவர்க்கு ஓய்ந்த பொழுது தானே வந்து வாய்க்கிறது. அப்பொழுதில் அவர் ஓதினர், ஓதுவித்தனர், உரை விரித்தனர். இயற்கையோடு தங்குதல் என்பதன் முதற்பாடம் இதுவே. நமக்கு மகிழ்ச்சி தேடி மலைக்குச் செல்வது வேறு. அங்குள்ள உயிர்க்கு இடம் விட்டு அமைதியாக இருத்தல் வேறு. முன்னது உலா, பின்னது நோன்பு.

ஓடிய நரியும் ஒரு நூலும்

சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவரைப் பற்றி வழிவழியாக ஒரு செய்தி வழங்குகிறது. காவியம் பாட ஆசிரியரிடம் அவர் இசைவு வேண்டினார். அப்போது எதிரே ஒரு நரி ஓடிற்று. “முதலில் அதனைப் பற்றிப் பாடுக” என்றார் ஆசிரியர். அவ்வாறு பிறந்ததே நரிவிருத்தம். யானையும், வேடனும், பாம்பும் மடிந்து கிடக்கக் கண்ட நரி ஒன்று, இத்தனை நாளைக்கு இது, அத்தனை நாளைக்கு அது என்று கணக்கிட்டது. யாவற்றையும் பின்னாளுக்குச் சேமித்து, முதலில் வில்லின் நாணைக் கடித்தது. நாண் அறுந்து தெறித்த வில்லால் தானும் மாண்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட பெருங்காப்பியத்துக்கு முன்னோடியாக அமைந்தது கண்முன் ஓடிய ஒரு விலங்கு. புதுப்பொருள் தேடி ஆசிரியர் அவரைத் தொலைதூரம் அனுப்பவில்லை. எதிரே உள்ளதைக் காணச் சொன்னார்.

உப்பு வணிகரின் கொடை

“இவை துறவியர்க்கே இயலும், கடையும் கழனியும் உடைய நமக்கு எவ்வாறு?” என்று அன்பர்கள் வினவலாம். அழகர்மலைக் குகையின் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் இதற்கு விடை கூறுகின்றன. உப்பு வணிகர், வெல்ல வணிகர், கொழு வணிகர் போன்றோரின் பெயர்கள் அங்கே காணப்படுகின்றன. பிழைப்புக்காக உழைத்த இல்லறத்தாரே இத்தகைய குகைகளில் படுக்கைகளை அமைத்துக் கொடுத்தனர். மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் காடி வெட்டுவித்தனர். இக்குகைகள் பல, மக்கள் நடமாடிய பெருவழிகளுக்கு அருகிலேயே உள்ளன. துறவியர் ஊரை வெறுத்து ஓடவில்லை. ஊர் நடந்து சென்று காணும் தொலைவிலேயே இருந்தனர். ஆகவே தனிமை என்பது உலகை விட்டு ஓடுவது அன்று. உலகுக்குத் திரும்பித் தருவதற்காகச் சிறிது விலகி நிற்பதாகும்.

நாம் கண்டது

முன்னொரு குளிர்காலத்தில் நாம் சிலர் பொன்னூர்மலைக்குச் சென்றோம். ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடிகளை வணங்கியபின், நண்பகல் வரை பேசாதிருப்பது என்று முடிவு செய்தோம். முதல் நாழிகையில் மனம் கடைக் கணக்கையும், வீட்டில் விட்டு வந்த வேலையையும் சுற்றியது. அமைதி எளிதாக இல்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை. பின்னர்க் காற்றின் ஒலி கேட்டது. எறும்பின் வரிசை கண்ணிற்பட்டது. நம்முடன் வந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாகப் பள்ளி அட்டைகளைத் தவிர வேறொன்றும் வரையாதவர். இறங்கும்போது, “ஒன்றும் தோன்றவில்லை” என்று அவர் சற்றே வருத்தத்துடன் கூறினார். இரு வாரங்களுக்குப் பின் அவர் இல்லம் சென்றோம். மேசையில் பாறைப் பிளவில் முளைத்த ஒரு புல்லின் படம் இருந்தது. “மலையில் கண்டேன், வீட்டில்தான் தெரிந்தது” என்றார். அமைதியில் விதைத்தது அங்கேயே முளைக்கும் என்பதில்லை. விளைவை உடனே கேட்பதும் ஒருவகைப் பற்றே அன்றோ?

இல்லறத்தார்க்குரிய பயிற்சி

சிராவக விரதங்களில் இதற்கான வழிகள் முன்னமே அமைந்துள்ளன. இன்று அவற்றைக் கடைப்பிடித்துப் பயன் காண்போமாக.

முதலாவது, பரிக்கிரக பரிமாணம். இல்லத்தில் உள்ள பொருள்களுக்கு ஓர் அளவு வகுத்து, அதற்கு மேற்பட்டதை வழங்கிவிடல். எழுதுவோர் மேசையிலிருந்தே இதனைத் தொடங்கலாம்.

இரண்டாவது, தேசவிரதம். இன்று இந்த எல்லைக்கு அப்பால் செல்வதில்லை என்று நாள் வரையறை செய்தல். கைப்பேசி வழியே மனம் எல்லை கடப்பதையும் இதனுள் அடக்கினால் நன்று.

மூன்றாவது, சாமாயிகம். ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், சமநிலையில் அமர்தல். இயன்றவர் வேப்பமரத்தடியிலோ, மொட்டை மாடியிலோ அமரலாம்.

நான்காவது, புரோஷதோபவாசம். அட்டமி, சதுர்த்தசி நாள்களில் உண்டியையும் தொழிலையும் சுருக்கி, நூலோடும் அமைதியோடும் இருத்தல். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்நாளை ஒரு மலைப்பள்ளியில் கழிக்கலாம்.

மலைகள் நிற்க வேண்டும்

இறுதியாக ஒன்று கூறி முடிப்போம். செல்வதற்கு மலை இருந்தாலன்றோ செல்ல இயலும்? கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் கொண்ட மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை, 2022-இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அப்பகுதியையும் உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க 2024-இல் ஏலம் விடப்பட்டது. சுற்றியுள்ள ஊர் மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தனர். 2025 சனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தை ரத்துச் செய்தது. முற்காலத்து உப்பு வணிகர் மலையில் ஒரு படுக்கையை அமைத்துத் தந்தார். இக்காலத்து மக்கள் மலையையே காத்துத் தந்துள்ளனர். நாம் அங்கே செல்லும்போது பாறையில் பெயர் கிறுக்காமலும், குப்பை விடாமலும், உரக்கப் பேசாமலும் இருப்பதே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

பொருளைக் குறைப்போம், பொழுதை மீட்போம், கண்முன் உள்ளதைக் காண்போம். வற்றியதாக எண்ணிய ஊற்று அடியில் இருந்துகொண்டே இருக்கிறது. மேலே கிடக்கும் கற்களை அகற்றுவதே நம் பணி.

வாழ்க நல்லறம்!