கையளவு கம்ப்யூட்டரில் சொந்த என்கிரிப்ஷன் பிராக்ஸி

என் அக்கா கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஆசிரியையாக இருக்கிறார். அவர் தங்கியுள்ள இடத்தில் எட்டுப் பேருக்கு ஒரே வை-பை. ஒரு நாள் இரவு போன் செய்தார்.

"தம்பி, பேங்க் சைட்டைத் திறந்தா சர்டிபிகேட் சரியில்லைன்னு வருது. மீறி உள்ள போகலாமா?"

"வேணாம்க்கா, உடனே மூடிடு" என்றேன்.

மறுவாரம் போய்ப் பார்த்தேன். ரௌட்டரின் பாஸ்வேர்டு வாங்கிய அன்று இருந்ததுதான். யாரோ புகுந்து டிஎன்எஸ் முகவரியை மாற்றியிருந்தார்கள். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அது கெட்டால், சரியான பெயரை டைப் செய்தாலும் போலிப் பக்கத்துக்குப் போய்விடுவோம். எச்சரிக்கையை மதித்ததால் அக்காவின் சம்பளப் பணம் தப்பியது.

ரௌட்டரைச் சரிசெய்து விட்டேன். ஆனால் அது அக்காவுடையது அல்லவே? எனவே கள்ளக்குறிச்சியில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு பிராக்ஸி அமைத்தேன். அக்காவின் போனிலிருந்து வீடு வரை தகவல்கள் பூட்டிய பெட்டிக்குள் வரும். பிறகு வீட்டு இணைப்பின் வழியாக இன்டர்நெட்டுக்குப் போகும்.

என்ன தேவை?

ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போதும். 2021-இல் வந்த இதில் 512 எம்பி ராம்தான் உண்டு. மின்சாரச் செலவும் மிகக் குறைவு. புரோகிராம் ஷேடோசாக்ஸ். 2012-இல் சீனாவில் ஒரு புரோகிராமர் எழுதியது. பழைய லிப்எவ் பதிப்பில் இப்போது பிழைகள் மட்டுமே திருத்தப்படுகின்றன. ரஸ்ட் மொழியில் எழுதிய பதிப்பையே எடுங்கள்.

இந்தச் சிப்பில் ஏஇஎஸ் கணக்குகளுக்கான தனி வன்பொருள் கிடையாது. அத்தகைய சிப்களில் சாச்சா20 முறை ஏறத்தாழ 3 மடங்கு வேகம் என்கிறது 2015-இல் வெளியான ஆர்எப்சி 7539.

செய்முறை

1. மெமரி கார்டில் 64 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட்டைப் பதியுங்கள்.

2. கிட்ஹப் தளத்தில் ஷேடோசாக்ஸ்-ரஸ்டின் 64 பிட் ஆர்ம் லினக்ஸ் பைலை டவுன்லோட் செய்து பிரியுங்கள்.

3. அமைப்பு பைலில் போர்ட் எண், பாஸ்வேர்டு, சாச்சா20-பாலி1305 முறை ஆகியவற்றைக் கொடுங்கள். டிசிபி, யுடிபி இரண்டையும் அனுமதியுங்கள். பாஸ்வேர்டு நீளமாக, ஊகிக்க முடியாததாக இருக்கட்டும்.

4. கரண்ட் போய் வந்தாலும் தானே இயங்கும்படி சிஸ்டம்டி சேவையாகச் சேருங்கள்.

5. வீட்டு ரௌட்டரில் பைக்கு மாறாத முகவரி கொடுத்து, அந்த ஒரே போர்ட்டை மட்டும் அதற்குத் திருப்புங்கள்.

6. போனில் ஷேடோசாக்ஸ் ஆப்பை இன்ஸ்டால் செய்து அதே விவரங்களைக் கொடுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம்

வீட்டு வை-பையில் சோதித்தேன், அருமையாக ஓடியது. வெள்ளிமலை போனதும் இணைப்பே இல்லை! வீட்டுக்குள் சோதித்தது சோதனையே அல்ல என்று அப்போதுதான் புரிந்தது. பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கின்றன. வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு எந்த வீட்டுக் கதவு என்று தெரியாது.

முதலிலேயே ரௌட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் உங்களுக்கும் இதே கதைதான். இணைப்பு தருபவரிடம் நிலையான ஐபி கேளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அந்த எண்ணையே போனில் கொடுத்தால், வழியில் உள்ள டிஎன்எஸ் கெட்டிருந்தாலும் வீடு வந்து சேரலாம். கிளம்பும் முன் மொபைல் டேட்டாவில் ஒரு முறை சோதித்து விடுங்கள்.

மறக்க வேண்டாம்

மலையில் கிடைக்கும் டவுன்லோட் வேகம் வீட்டின் அப்லோட் வேகத்தைத் தாண்டாது. கரண்ட் போனால் பை, ரௌட்டர் இரண்டுக்கும் பேட்டரி வேண்டும். வெளியாட்களுக்குப் பாஸ்வேர்டு தராதீர்கள். அவர்கள் செய்வதெல்லாம் உங்கள் இணைப்பின் பெயரில்தான் பதிவாகும்.

முக்கியமாக, போலி லிங்க்கைக் கிளிக் செய்தால் பிராக்ஸி காப்பாற்றாது. சர்டிபிகேட் எச்சரிக்கை வந்தால் அக்கா செய்ததையே செய்யுங்கள். மூடிவிட்டு, தெரிந்தவரைக் கேளுங்கள்.