கணினிக்குப் பூட்டும் வேண்டும், சாவியும் கையில் வேண்டும்



கடையை அடைத்தபின் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது நம் பழக்கம். ஆனால் கடன் பாக்கி, கொள்முதல் விலை, வங்கி விவரம் எல்லாம் இருக்கும் வீட்டுக் கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறோம். வேறு சிலர் பாஸ்வேர்டு போட்டுவிட்டு, அதை மறந்து, கணக்கைப் பார்க்க முடியாமல் திண்டாடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம்தான்.

நம் மாவட்டத்துக்குக் கணினி வியாபாரம் புதிதல்ல. போடிநாயக்கனூரில் 2007-லேயே ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் வந்துவிட்டது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபின் மளிகைக் கடைக்காரரும் கணக்கைக் கணினியில் ஏற்ற வேண்டியதாயிற்று. மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவருக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-3பி கெடு மறுமாதம் 20-ந் தேதி. அன்று கணினி திறக்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கட்டணம். விற்பனையே இல்லாத 'நில்' ரிட்டர்னுக்கு 20 ரூபாய். கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி.

'பாஸ்வேர்டு சும்மா பேருக்குத்தான்' என்று மூத்த வியாபாரிகள் சிலர் இன்றும் நினைக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1995-ல் வந்த விண்டோஸ் 95-ல் பாஸ்வேர்டு கேட்கும்போது 'எஸ்கேப்' பொத்தானை அழுத்தினாலே உள்ளே போய்விடலாம். அது கடை வாசலில் சாத்தி வைக்கும் தட்டி மாதிரி. இன்றைய பூட்டு இரும்புப் பெட்டிப் பூட்டு. சாவி தொலைந்தால் உரிமையாளரும் திறக்க முடியாமல் போகலாம். ஆகவே பூட்டுவதைவிடச் சாவியைக் காப்பதில் கவனம் அதிகம் தேவை. விண்டோஸ் 11 கணினியில் அடிக்கடி வரும் சிக்கல்களையும் தீர்வுகளையும் கீழே தருகிறேன்.

1. திரை தானாகப் பூட்டவில்லை

திரை இருண்டு போவது வேறு, பூட்டப்படுவது வேறு. மவுசை அசைத்தவுடன் கணக்கு அப்படியே தெரிந்தால் பூட்டவில்லை என்று பொருள். 'ஸ்கிரீன் சேவர்' பகுதிக்குப் போய் 5 நிமிடம் என்று வைத்து, 'ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்கிரீன்' என்ற கட்டத்தில் டிக் செய்யவும். பிறகு 'செட்டிங்ஸ்', 'அக்கவுண்ட்ஸ்', 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' வரிசையில் போய், கணினி தூங்கி விழித்ததும் பாஸ்வேர்டு கேட்கும்படி அமைக்கவும். எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானையும் 'எல்' எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் உடனே பூட்டிக்கொள்ளும். இதைக் கைப்பழக்கமாக்கிக் கொள்வது நல்லது.

2. சரியான பாஸ்வேர்டைப் போட்டும் ஏற்கவில்லை

பதற வேண்டாம். முதலில் 'கேப்ஸ் லாக்' எரிகிறதா என்று பார்க்கவும். பின் எண் போடுபவர்கள் 'நம் லாக்' எரிகிறதா என்று பார்க்கவும். தமிழில் தட்டச்சு செய்பவர்கள், திரையின் கீழ் மூலையில் மொழி ஆங்கிலமாக இருக்கிறதா என்று கவனிக்கவும். பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் அடையாளத்தை அழுத்தினால் நாம் தட்டியது தெரியும்.

பின் எண்ணைப் பலமுறை தவறாகப் போட்டால் 'ஏ1பி2சி3' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச் சொல்லும். இது வைரஸ் அல்ல. தட்டுவது மனிதர்தானா, பொத்தான் தவறுதலாக அழுந்துகிறதா என்று பார்க்கும் சோதனை. சொன்னபடி தட்டிவிட்டு, நிதானமாகப் பின் எண்ணைப் போடவும்.

3. பாஸ்வேர்டு மறந்தே போய்விட்டது

மைக்ரோசாப்ட் கணக்கு வழியாகத் திறக்கும் கணினி என்றால், பதிவு செய்த செல்போனுக்கோ மின்னஞ்சலுக்கோ வரும் குறியீட்டைக் கொண்டு மாற்றிக் கொள்ளலாம். இங்கேதான் பலர் மாட்டிக் கொள்கிறார்கள். கணினி வாங்கிய அன்று, விற்றவரோ கடைப் பையனோ தன் நம்பரையே கொடுத்துப் பதிவு செய்திருப்பார். ஆக, சாவி அவரிடம் இருக்கிறது! இன்றே பார்த்து உங்கள் நம்பருக்கு மாற்றவும்.

மைக்ரோசாப்ட் கணக்கு இல்லாத கணினி என்றால், முன்பே கொடுத்து வைத்த பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் திறக்கலாம்.

இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'உதவி' எண்களுக்குப் போன் போட வேண்டாம். யார் கேட்டாலும் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க அனுமதிக்கக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யவும்.

4. நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது

இது 'பிட்லாக்கர்' பூட்டு. புதிய கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலேயே இது இயங்கும். ரிப்பேரில் போர்டு மாற்றினால் இந்த எண்ணைக் கேட்கலாம். எண் இல்லாவிட்டால் உள்ளே உள்ள கணக்கை மீட்க வழியில்லை. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ரிப்பேருக்குக் கொடுக்கும் முன்பே அதைப் பார்த்து, அச்சிட்டு வைத்துக் கொள்ளவும்.

5. டாலிக்குத் தனிச் சாவி

டாலியில் 'டாலி வால்ட்' பாஸ்வேர்டு போட்டிருந்தால், மறந்தபின் அந்த நிறுவனமே வந்தாலும் திறக்க முடியாது. ஆகவே அதை எழுதி வைக்காமல் போடவே கூடாது.

கடைசியாக மூன்று யோசனைகள். பாஸ்வேர்டு, 48 இலக்க எண், டாலிச் சாவி மூன்றையும் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டி, வீட்டு பீரோ லாக்கரில் வைக்கவும். திரை ஓரத்தில் சீட்டு ஒட்ட வேண்டாம். உறை இருக்கும் இடம் மனைவிக்கோ மகனுக்கோ மகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று நமக்கு உடல்நலம் குன்றினால், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

இரண்டாவது, பேரப்பிள்ளைகள் விளையாடவும் பாடம் படிக்கவும் அதே கணினியில் தனிக் கணக்கு திறந்து கொடுக்கவும். கணக்குப்பிள்ளைக்கும் தனியாகவே இருக்கட்டும். மூன்றாவது, வாரம் ஒருமுறை கணக்கைத் தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து வைக்கவும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் சரிபார்த்து விடுங்கள். கெடு நாளில் தேடினால் சாவி கிடைக்காது.