மெல்லிய ஒலியில் மறையும் றபான்

இரவு பத்து மணி. உம்மம்மா உறங்கிவிட்டார். வாப்பா பழைய இஸ்லாமிய கீதம் ஒன்றை மிகக் குறைந்த சத்தத்தில் ஒலிக்கவிட்டார். பாடகரின் குரல் தெளிவாகக் கேட்டது. றபானின் 'தும்' என்ற ஓசையை மட்டும் காணவில்லை. "ஸ்பீக்கர் பழுதாப் போச்சு போல, நாளைக்குத் திருத்தக் குடுக்கணும்" என்றார். ஆனால், பகலில் சத்தமாகப் போட்டபோது அதே ஸ்பீக்கரில் அதே றபான் நன்றாகவே ஒலித்தது. அப்படியென்றால் பழுது எங்கே?

விடை நமது செவியில் இருக்கிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20 000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களைக் கேட்கும். எனினும் அவை எல்லாவற்றுக்கும் ஒரேயளவு உணர்திறன் அதற்கு இல்லை. 1933 இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹார்வி பிளெச்சர், வில்டன் மன்சன் ஆகியோர் இதனை அளந்து, சம உரப்பு வளையிகளை வெளியிட்டனர். பின்னர் திருத்தமாக அளக்கப்பட்ட அத்தகைய வளையிகளே இன்று சர்வதேச நியமமாக உள்ளன.

அவ்வளையிகளிலிருந்து ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 1000 ஹேர்ட்ஸ் ஒலி 80 தெசிபெல்லில் இருக்கும்போது, அதேயளவு உரப்பாக 100 ஹேர்ட்ஸ் ஒலி கேட்க ஏறத்தாழ 92 தெசிபெல் வேண்டும். இப்போது சத்தத்தை 40 தெசிபெல்லால் குறைப்போம். முதலாவது 40 ஆகவும் இரண்டாவது 52 ஆகவும் மாறும். ஆனால், 40 தெசிபெல்லிலுள்ள 1000 ஹேர்ட்ஸ் ஒலிக்கு ஈடாகக் கேட்க, 100 ஹேர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 64 தெசிபெல் தேவை. குறைவது 12 தெசிபெல். ஸ்பீக்கர் இரண்டையும் சமமாகவே குறைத்தது. செவிதான் தாழ்ந்த ஒலியை அதிகமாக இழந்தது.

இதற்காக முழுச் சத்தத்தையும் கூட்டத் தேவையில்லை. 'பேஸ்' குமிழை மட்டும் சற்றுக் கூட்டினால் போதும். சில அம்ப்ளிபயர்களில் 'லவுட்னஸ்' என்றொரு பொத்தான் உண்டு. சத்தத்தைக் குறைக்கும் மாறும் தடையியுடன் கொள்ளளவிகளை இணைத்து, சத்தம் குறையும் அளவுக்குத் தாழ் மீடிறன்களைத் தூக்கிக் கொடுப்பதே அதன் வேலை.

இரண்டு விடயங்களில் கவனம் தேவை. 3 தெசிபெல் கூட்டினால் வலு இரு மடங்காகும். எனவே 12 தெசிபெல்லுக்குப் பதினாறு மடங்கு வலு வேண்டும். குறைந்த சத்தத்தில் இது சுமையல்ல. ஆனால், சத்தத்தை மீண்டும் கூட்டும்போது பேஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவராவிட்டால் ஒலி சிதையும், ஸ்பீக்கரும் கெடலாம். அத்துடன், தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் கடக்கும். அளவு மீறினால் அடுத்த அறையில் உறங்குபவர் விழித்துக்கொள்வார்.

அன்றிரவு வாப்பா பேஸ் குமிழைச் சிறிது திருப்பினார். றபான் திரும்பி வந்தது. உம்மம்மாவின் உறக்கமும் கலையவில்லை, திருத்தும் செலவும் மிஞ்சியது.

இயர்போனில் கேட்கும் நாமும் 'பேஸ் போதவில்லை' என்று முழுச் சத்தத்தையும் கூட்டிவிடுகிறோம். வளர்ந்தவர்களுக்குக்கூட 80 தெசிபெல் ஒலி வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்பீக்கர் கெட்டால் புதிது வாங்கலாம். செவியோ அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம்.