ஆய்வுக் கட்டுரையில் முறையியலின் இடம்

ஆய்விதழுக்கு அனுப்பும் கட்டுரையில் முடிவுகளுக்கு முன்னர் முறையியல் பகுதியே செம்மையுற வேண்டும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 55ஆவது சுற்று (1999-2000) இதற்குச் சான்றாகும். 1993-94இல் உணவுச் செலவு கடந்த 30 நாட்களுக்கு மட்டும் கேட்கப்பட்டது. இச்சுற்றில் கடந்த 7 நாட்களுக்கும் சேர்த்துக் கேட்கப்பட்டது. திட்டக் குழுவின் மதிப்பீட்டில் வறுமை 36 சதவிகிதத்திலிருந்து 26 சதவிகிதமாகக் குறைந்தது. இதில் வினாமுறை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் நெடிது விவாதித்தனர்.

ஆகவே, கட்டுரையாளர் கவனிக்க வேண்டியவை:

1. அட்டவணைதோறும் சுற்று, வினவிய கால அளவு, அலகு, விலைகளின் அடிப்படை ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிடுதல்.

2. ஒப்பிட இயலாத ஆண்டுகளை ஒரே வரிசையில் நிறுத்தாதிருத்தல்.

3. கட்டுரைச் சுருக்கத்தை இறுதியில் எழுதுதல்.

வறுமை மதிப்பீடுகள் மாநிலங்களின் உணவு தானிய ஒதுக்கீட்டுக்கும் அடிப்படையாயின. எனவே, விடுபட்ட ஓர் அடிக்குறிப்பு ஏழைக் குடும்பத்தின் பங்கீட்டையே பாதிக்கக்கூடும்.